எதிர்பாராத வைத்தியச் செலவும் மருத்துவக் காப்புறுதியின் போதாமையும்



காப்புறுதி என்ற அலகிலே வரைவிலக்கணத்தையும் தத்துவங்களையும் மனனம் செய்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கின்றீர்கள். "அதியுயர் நம்பிக்கைத் தத்துவம் என்றால் என்ன?" என்று நேரடியாகக் கேட்டால் விடை சரியாக வருகின்றது. ஒரு சம்பவத்தைத் தந்து, "இங்கு காப்புறுதிக் கம்பனி எவ்வளவு செலுத்தும்? மீதியை யார் பொறுப்பது? காரணம் யாது?" என்று கேட்டால் பேனா நின்றுவிடுகின்றது. தத்துவங்களைத் தீ, கடல், மோட்டார் வாகனம் ஆகிய உதாரணங்களுடன் மாத்திரம் படித்துப் பழகியதே இதற்குக் காரணம். கப்பல் மூழ்குவதை நம்மில் அநேகர் கண்டதில்லை. வீட்டிலே ஒருவர் திடீரென நோய்வாய்ப்படுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். எனவே இக்கட்டுரையில் மருத்துவக் காப்புறுதியை உதாரணமாகக் கொண்டு அதே தத்துவங்களை நோக்குவோம்.

(பாடநூலிலும் வழிகாட்டி நூல்களிலும் தத்துவங்களின் தமிழ்ப் பெயர்கள் சிறிது வேறுபடுவதுண்டு. உங்கள் பாடநூலில் உள்ள பெயரையே பரீட்சையில் எழுதுங்கள்.)

இலவச வைத்தியம் இருக்கும் நாட்டில் செலவு எப்படி வருகின்றது?

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளரிடம் கட்டணம் அறவிடும் முறை 1951ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இன்று வைத்தியரைப் பார்ப்பதற்கும், விடுதியில் தங்குவதற்கும், சத்திரசிகிச்சைக்கும் பொது நோயாளர் பணம் செலுத்த வேண்டியதில்லை. கட்டண விடுதிகள் இதற்கு விதிவிலக்காகும். நம்மைவிடப் பணக்கார நாடுகள் பலவற்றில்கூட இல்லாத வசதி இது. அதைக் குறைத்துப் பேசக்கூடாது.

ஆயினும் "இலவசம்" என்பது வைத்தியசாலை வாயிலுக்கு உள்ளே மட்டுமே. முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்திலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மனைவியை அழைத்து வரும் கூலித்தொழிலாளி ஒருவரை நினைத்துப் பாருங்கள். போக்குவரத்துச் செலவு அவருடையது. துணைக்கு நிற்பவரின் சாப்பாடும் தங்குமிடமும் அவருடையது. விடுதியில் இல்லாத மருந்தை வெளியில் வாங்குமாறு துண்டு கொடுத்தால் அதுவும் அவருடையது. ஸ்கான் பரிசோதனைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தால், நோய் காத்திருக்காது என்பதால் தனியார் நிலையத்தில் எடுத்துவிடுவார். இத்தனைக்கும் மேலாக, அந்த நாட்களில் அவருக்குக் கூலி இல்லை. பத்து நாள் வேலைக்குப் போகாவிட்டால் பத்து நாள் வருமானம் இல்லை. இது எந்தப் பற்றுச்சீட்டிலும் பதியப்படாத செலவாகும். புற்றுநோய் போன்ற நோயென்றால் மகரகமவுக்கோ தெல்லிப்பழைக்கோ மாதக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும்.

எனவே வைத்தியச் செலவை நேரடிச் செலவு, மறைமுகச் செலவு என இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது. வைத்தியர் கட்டணம், மருந்து, பரிசோதனை, சத்திரசிகிச்சை என்பன நேரடிச் செலவுகள். பயணம், தங்குமிடம், துணையாளின் செலவு, இழந்த வருமானம் என்பன மறைமுகச் செலவுகள். காப்புறுதிக் கம்பனிகள் பெரும்பாலும் முதலாவது வகையை, அதிலும் ஒரு பகுதியை மட்டுமே பார்க்கின்றன. இதை இப்போதே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் கணிப்பில் இதே விடயம் வரும்.

ஏன் நாம் கூட்டாகச் சேர்கின்றோம்?

காப்புறுதி என்பது இடரைப் பலரிடையே பகிர்வதாகும். எண்களால் பார்ப்போம். 1,000 பேர் சேர்கின்றனர். ஒரு வருடத்தில் அவர்களுள் 20 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவார்கள் என்றும், ஒருவருக்கான செலவு 150,000 ரூபா என்றும் கொள்வோம். மொத்தச் செலவு 3,000,000 ரூபா. 1,000 பேரும் பகிர்ந்தால் தலைக்கு 3,000 ரூபா. கம்பனியின் நிர்வாகச் செலவையும் இலாபத்தையும் சேர்த்துக் காப்புறுதிக் கட்டணம் 4,000 ரூபா என நிர்ணயிக்கப்படுகின்றது. 150,000 ரூபா என்ற பெரிய நிச்சயமற்ற இழப்பை 4,000 ரூபா என்ற சிறிய நிச்சயமான செலவாக மாற்றிக்கொள்கின்றோம். காப்புறுதியின் பயன் இதுவே.

இனி, ஏற்கெனவே நோயுற்றுச் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கப்பட்ட 30 பேர் புதிதாகச் சேர்கின்றனர் எனக் கொள்வோம். இப்போது 1,030 பேருள் 50 பேருக்குப் பணம் செலுத்த வேண்டும். செலவு 7,500,000 ரூபா. தலைக்கு ஏறக்குறைய 7,280 ரூபா. கட்டணம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தவுடன், "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, நான் ஏன் கட்ட வேண்டும்?" என்று சுகதேகிகள் விலகுகின்றனர். விலக விலகக் கட்டணம் மேலும் உயரும். கடைசியில் நோயாளர் மட்டுமே எஞ்சுவர். அது காப்புறுதியாக இராது.

காத்திருப்புக் காலம், முன்பே இருந்த நோய்களுக்கு விலக்கு, வயதெல்லை, மருத்துவப் பரிசோதனை ஆகியன இதனாலேயே ஏற்பட்டவை. இவை கம்பனியின் கொடுமை என்று எழுதும் மாணவர்கள் புள்ளி இழப்பார்கள். அதேவேளை, இக்கட்டுப்பாடுகளின் விளைவாகக் காப்புறுதி மிகவும் தேவைப்படும் முதியோரும் நீண்டகால நோயாளரும் வெளியில் நிற்கின்றனர் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதுவதே முழுமையான விடை.

ஒரு கணிப்பு: 250,000 ரூபா காப்புறுதி இருந்தும் என்ன நடந்தது?

கீழுள்ள எண்கள் பயிற்சிக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஆனால் இதன் வடிவம் உண்மையான கோரிக்கைகளின் வடிவமே. கொப்பியை எடுத்து உடன் செய்து பாருங்கள்.

குடும்பத் தலைவர் ஒருவர் வருடாந்த உச்சத்தொகை 250,000 ரூபா கொண்ட மருத்துவக் காப்புறுதி வைத்திருக்கின்றார். அவருடைய மனைவிக்குப் பித்தப்பையில் கல். தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்து நான்கு நாட்கள் தங்குகின்றார். வைத்தியசாலைக் கட்டணப் பட்டியல் வருமாறு:

அறைக் கட்டணம் (4 நாள் × 12,000) – 48,000 ரூபா
சத்திரசிகிச்சை நிபுணர், மயக்கமருந்து வைத்தியர் கட்டணம் – 120,000 ரூபா
சத்திரசிகிச்சைக் கூடக் கட்டணம் – 60,000 ரூபா
மருந்தும் பாவனைப் பொருட்களும் – 42,000 ரூபா
பரிசோதனைகள் – 30,000 ரூபா
மொத்தம் – 300,000 ரூபா

"காப்புறுதி இரண்டரை இலட்சம், பில் மூன்று இலட்சம், ஆகவே ஐம்பதாயிரம் மட்டுமே கையிலிருந்து" என்று குடும்பம் நினைத்தது. நீங்களும் அப்படியே நினைத்திருப்பீர்கள். இனி ஒப்பந்தப் பத்திரத்தின் உட்பக்கத்தைப் பார்ப்போம். அறைக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 7,000 ரூபா. வைத்தியர் கட்டணத்துக்கு அதிகபட்சம் 75,000 ரூபா. மருத்துவம் சாராத பாவனைப் பொருட்களுக்குக் கொடுப்பனவு இல்லை (இப்பட்டியலில் அவை 4,000 ரூபா). ஏற்றுக்கொள்ளப்பட்ட தொகையில் 10 சதவீதத்தைக் காப்புறுதி பெற்றவர் தாமே ஏற்க வேண்டும்.

இதன்படி ஏற்றுக்கொள்ளப்படும் தொகைகள்:

அறை (4 × 7,000) – 28,000
வைத்தியர் கட்டணம் – 75,000
சத்திரசிகிச்சைக் கூடம் – 60,000
மருந்து (42,000 – 4,000) – 38,000
பரிசோதனைகள் – 30,000
மொத்தம் – 231,000

இதில் 10 சதவீதம், அதாவது 23,100 ரூபாவைக் கழித்தால் கம்பனி செலுத்துவது 207,900 ரூபா. வைத்தியசாலைப் பட்டியலில் மட்டும் குடும்பம் ஏற்க வேண்டியது 92,100 ரூபா.

இங்கேயே கணிப்பை நிறுத்திவிடாதீர்கள். அனுமதிக்கப்படுவதற்கு முன்னர் நிபுணரைச் சனல் பண்ணிப் பார்த்ததற்கும் ஸ்கான் எடுத்ததற்கும் 25,000 ரூபா சென்றது. இந்த ஒப்பந்தம் உள்நோயாளர் செலவை மட்டும் ஏற்பதால் அது கிடைக்காது. வீடு திரும்பிய பின் மருந்துக்கும் கிளினிக்குக்கும் 20,000 ரூபா. வாகனத்துக்கும் துணைக்கு நின்றவரின் செலவுக்கும் 15,000 ரூபா. இம்மூன்றும் 60,000 ரூபா. ஆகவே மொத்தச் செலவு 360,000 ரூபா, கிடைத்தது 207,900 ரூபா, கையிலிருந்து போனது 152,100 ரூபா. எதிர்பார்த்ததோ 50,000 ரூபா. ஏறக்குறைய மூன்று மடங்கு!

கவனியுங்கள்: கம்பனி யாரையும் ஏமாற்றவில்லை. 250,000 ரூபா என்ற உச்சத்தொகையும் தீர்ந்துவிடவில்லை. இன்னும் 42,100 ரூபா அதில் மீதியாக இருக்கின்றது. ஆனால் அந்த மீதியை இந்தப் பட்டியலுக்குப் பயன்படுத்த முடியாது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட தொகை ஒன்று, உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள உப எல்லைகள் வேறொன்று. கொடுப்பனவைத் தீர்மானிப்பவை உப எல்லைகளே.

அந்த 152,100 ரூபா எங்கிருந்து வரும்? நம்மூரில் அநேகமாக நகை அடகுக்குப் போகும். 150,000 ரூபாவை மாதம் 2 சதவீத எளிய வட்டிக்கு எடுத்துப் பத்து மாதத்தில் திருப்பினால் வட்டி மட்டும் 30,000 ரூபா. இதுவும் அந்தப் பித்தப்பைக் கல்லின் செலவுதான். வகுப்புக் கட்டணம் இரண்டு மூன்று மாதம் வராவிட்டால் நான் மாணவரிடம் காரணம் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும், வீட்டில் யாரோ வைத்தியசாலையில் இருந்திருப்பார்கள்.

2022இல் நடந்ததையும் இங்கு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வருடம் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு அமெரிக்க டொலர், மே மாதமளவில் ஏறக்குறைய 360 ரூபாவாகியது. நமது மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதியாகின்றது. 500 டொலர் விலையுள்ள ஒரு சத்திரசிகிச்சைப் பொருள் 100,000 ரூபாவிலிருந்து 180,000 ரூபாவாக உயர்ந்தபோது, முன்பே செய்த ஒப்பந்தத்தில் உள்ள உச்சத்தொகை ஒரு ரூபாகூட உயரவில்லை. அதே வருடம் அரச வைத்தியசாலைகளிலும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதால், வெளியில் வாங்க வேண்டிய மருந்தும் கூடியது. பணவீக்கத்தின் விளைவுகளுக்கு உதாரணம் கேட்டால் இதனைத் தாராளமாக எழுதலாம்.

தத்துவங்களை இச்சம்பவங்களில் பொருத்துதல்

முதலில் அதியுயர் நம்பிக்கைத் தத்துவம். கோரிக்கைகள் முற்றாக நிராகரிக்கப்படும்போது பெரும்பாலும் இதுவே காரணமாகக் காட்டப்படுகின்றது. காப்புறுதி செய்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான விடயங்கள் எல்லாவற்றையும், கம்பனி ஒப்பந்தத்தை ஏற்பதையோ கட்டணத்தையோ பாதிக்கக்கூடியவை எல்லாவற்றையும், மறைக்காது வெளிப்படுத்த வேண்டும். கம்பனியும் தனது நிபந்தனைகளை மறைக்கக்கூடாது. இக்கடமை இரு தரப்புக்கும் உரியது.

நடைமுறையில் நடப்பது என்ன? முகவர் வீட்டுக்கு வருவார். அநேகமாகத் தெரிந்தவராக, உறவினராகக்கூட இருப்பார். விண்ணப்பப் படிவம் பல இடங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய், முன்னைய சத்திரசிகிச்சை பற்றிய வினாக்கள் வரிசையாக இருக்கும். "எல்லாம் நான் நிரப்புகிறேன், நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கோ" என்பார். எல்லா வினாக்களுக்கும் "இல்லை" என்று அடையாளமிடப்படும். அப்பாவோ பல வருடமாகப் பிறசருக்குக் குளிசை எடுப்பவர். அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கையெழுத்து அவருடையது. சில வருடங்களின் பின் கோரிக்கை செல்லும்போது, வைத்தியசாலை வழங்கும் நோய் நிர்ணய அட்டையில் "ஐந்து வருடமாக இரத்த அழுத்தம்" என்ற ஒரு வரி இருக்கும். கோரிக்கை அந்த வரியிலேயே நின்றுவிடும்.

வீட்டில் ஆங்கிலப் படிவத்தை வாசித்து விளக்குபவர் பல குடும்பங்களில் நீங்களே, பதினாறு வயதுப் பிள்ளைகளே. ஆகவே இதைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள். "அப்பா, இந்தக் கேள்விக்கு ஓம் என்று போடுங்கோ" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். நோயை அறிவித்தால் கட்டணம் கூடலாம், அந்நோய் விலக்கப்படலாம். ஆனால் மற்ற நோய்களுக்கான பாதுகாப்பு உறுதியாக இருக்கும். மறைத்தால் கட்டணம் குறைவாக இருக்கும், பாதுகாப்பு எதுவும் இராமல் போகலாம்.

அடுத்தது நட்டஈட்டுத் தத்துவம். இழப்பு ஏற்பட முன்னர் இருந்த நிதி நிலைக்கு மீளக் கொண்டுவருவதே நோக்கம், இலாபம் உழைக்க இடமளிப்பதல்ல. ஆயுட் காப்புறுதிக்கு இத்தத்துவம் பொருந்தாது என்று படித்திருக்கிறீர்கள். மனித உயிருக்கு விலை மதிக்க முடியாது என்பதே காரணம். அப்படியானால் மருத்துவக் காப்புறுதிக்குப் பொருந்துமா? இவ்விடத்திலேயே பலர் தடுமாறுகின்றனர். உண்மையில் செலவான வைத்தியச் செலவை மீளச் செலுத்தும் ஒப்பந்தமாயின் பொருந்தும், ஏனெனில் இழப்பைப் பற்றுச்சீட்டினால் அளவிடலாம். வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் குறித்த ஒரு தொகை வழங்கப்படும் ஒப்பந்தமாயின் பொருந்தாது, ஏனெனில் அங்கு உண்மைச் செலவு கணக்கிடப்படுவதில்லை. அரச வைத்தியசாலையில் ஒரு சதமும் செலவின்றித் தங்கினாலும், ஒப்பந்தம் அவ்வாறு ஏற்பாடு செய்திருப்பின் அந்நாட்தொகையைக் கோரலாம். தெரியாமையால் கோராமல் விடுவோர் உண்டு.

கம்பனி மூலப் பற்றுச்சீட்டுகளையே கேட்பதும், பிரதியை ஏற்காததும் நட்டஈட்டுத் தத்துவத்தினாலேயே. ஒரே செலவை இரு கம்பனிகளிடம் முழுமையாகப் பெறக்கூடாது. இரு ஒப்பந்தங்கள் இருப்பின் பங்களிப்புத் தத்துவப்படி அவை பகிர்ந்து கொள்ளும். இதற்கான கணிப்பு கட்டுரையின் இறுதியில் உள்ளது.

அண்மைக் காரணத் தத்துவத்துக்கு ஓர் உதாரணம் மட்டும். விபத்துக்கு மட்டும் காப்புறுதி செய்த ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்து இறக்கின்றார். கல் தடுக்கி விழுந்தாரா, மாரடைப்பு ஏற்பட்டதால் விழுந்தாரா? முதலாவதாயின் கொடுப்பனவு உண்டு. இரண்டாவதாயின் அண்மைக் காரணம் நோயாகும், விபத்தல்ல. பதிலீட்டு உரிமை பற்றியும் சுருக்கமாக: பிறர் கவனயீனத்தால் காயமடைந்த ஒருவரின் வைத்தியச் செலவைக் கம்பனி செலுத்திய பின், தவறு செய்தவரிடமிருந்து அத்தொகையை அறவிடும் உரிமை கம்பனிக்கு மாறுகின்றது.

மோட்டார் சைக்கிள் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்திவிடுவோம். "பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கு, ஆஸ்பத்திரிச் செலவு வரும்" என்று பலர் கூறுகின்றனர். சட்டப்படி கட்டாயமானது மூன்றாம் தரப்புக் காப்புறுதியாகும். அது அந்த வாகனத்தால் பாதிக்கப்பட்ட பிறருக்கு உரியது. ஓட்டிச் சென்றவரின் உடைந்த காலுக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. வீதி விபத்தில் அதிகம் அடிபடுபவர்களில் உங்கள் வயதை அண்டிய இளைஞர்கள் இருப்பதால் இதைத் தடித்த எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பவை

இலங்கையில் மருத்துவக் காப்புறுதி பல சந்தர்ப்பங்களில் ஆயுட் காப்புறுதியுடன் இணைந்த மேலதிக அனுகூலமாக விற்கப்படுகின்றது. பிரதான ஒப்பந்தத்துக்கான கட்டணம் செலுத்தப்படாமல் அது காலாவதியானால் மருத்துவ அனுகூலமும் உடன் போய்விடும். தொழில் வழங்குநர் செய்து கொடுக்கும் குழுக் காப்புறுதி வேலையுள்ளவரை மட்டுமே. நோய் காரணமாகவே வேலையை இழப்பவருக்கு, அது தேவைப்படும் நேரத்தில் இல்லாமற் போகின்றது. கடற்றொழிலாளர், கூலித்தொழிலாளர், சிறு வியாபாரி ஆகியோருக்குக் குழுக் காப்புறுதியே கிடையாது. பல் சிகிச்சை, கண்ணாடி, மகப்பேறு, உளநோய், வெளிநோயாளர் சிகிச்சை என்பன பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும், அல்லது சிறு தொகைக்கு மட்டுப்படுத்தப்பட்டிருக்கும். நீரிழிவு போன்ற நோய்களில் பணம் கரைவது மாதாமாதம் வாங்கும் குளிசைகளிலேயே. வைத்தியசாலையில் தங்காததால் அதற்குக் கோரிக்கை இல்லை.

இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பும் பொது ஏற்பாடுகளையும் தெரிந்திருக்க வேண்டும். அரச ஊழியருக்கு "அக்ரஹார" காப்புறுதி உண்டு. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதனை நடத்துகின்றது. அதிலும் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் உச்சவரம்பு உண்டு. தனியார் துறை ஊழியருக்குத் தொழில் வழங்குநர் 3 சதவீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் 1980இல் உருவானது. ஓய்வுபெறும்போது கிடைக்கும் பணம் என்று மட்டுமே இதைப் படிக்கின்றீர்கள். இதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை போன்றவற்றுக்கும் அங்கத்தவர்கள் உதவி கோரலாம். ஊழியர் சேமலாப நிதியிலிருந்தும், குறித்த நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தோர், 2012இன் திருத்தச் சட்டத்தின்படி வீட்டுத் தேவைக்கோ வைத்தியச் சிகிச்சைக்கோ 30 சதவீதம் வரை முற்கூட்டியே பெறலாம்.

1978இல் உருவாக்கப்பட்ட ஜனாதிபதி நிதியம் பாரிய நோய்களுக்கு உதவி வழங்குகின்றது. முன்னர் இதற்காகக் கொழும்புடன் தொடர்புகொள்ள வேண்டியிருந்தது. 2025 தொடக்கம் பிரதேச செயலகங்கள் ஊடாகவும் விண்ணப்பிக்க முடிகின்றது. பாடசாலை மாணவருக்கான "சுரக்ஷா" காப்புறுதி 2017இல் ஆரம்பிக்கப்பட்டு, இடையில் தடைப்பட்டு, 2024இல் மீண்டும் வந்தது. அதன் தற்போதைய நிபந்தனைகளை அதிபர் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

கோரிக்கை அநீதியாக நிராகரிக்கப்பட்டதாகக் கருதினால், முதலில் கம்பனியிடம் எழுத்து மூலம் காரணம் கேட்க வேண்டும். தொலைபேசியில் சொன்ன காரணம் காரணமாகாது. அதன் பின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, ஒழுங்குபடுத்தும் அதிகாரியிடமோ முறையிடலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை காப்புறுதிச் சபையே 2017இல் ஆணைக்குழு எனப் பெயர் மாற்றம் பெற்றது. பழைய வழிகாட்டி நூல்களில் "சபை" என்றே இருக்கும், மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

மாதிரி வினாவும் விடையும்

வினா: கடை உரிமையாளர் ஒருவர் ஐந்து வருடங்களாக நீரிழிவுக்கு மருந்து எடுத்து வருகின்றார். மருத்துவக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கும்போது "நீண்டகால நோய் எதுவும் இல்லை" எனக் குறிப்பிடுகின்றார். 14 மாதங்களின் பின் நீரிழிவினால் காலில் ஏற்பட்ட புண்ணுக்காக அனுமதிக்கப்பட்டு 180,000 ரூபா கோருகின்றார்.

(1) கம்பனி கோரிக்கையை நிராகரிக்க முடியுமா? காரணம் தருக.
(2) அவர் அனுமதிக்கப்பட்டது ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்ததற்காக எனின் உமது விடை மாறுமா?
(3) வேறொருவர் உண்மைகளை எல்லாம் வெளிப்படுத்தி, "அ" கம்பனியில் 200,000 ரூபாவுக்கும் "ஆ" கம்பனியில் 100,000 ரூபாவுக்கும், செலவை மீளச் செலுத்தும் மருத்துவக் காப்புறுதி செய்துள்ளார். அவருடைய வைத்தியச் செலவு 90,000 ரூபா. ஒவ்வொரு கம்பனியும் செலுத்தும் தொகை யாது?

விடை:

(1) முடியும். நீரிழிவு, ஒப்பந்தத்தை ஏற்பதையும் கட்டணத்தையும் பாதிக்கும் முக்கிய விடயமாகும். அதனை வெளிப்படுத்தாமையால் அதியுயர் நம்பிக்கைத் தத்துவம் மீறப்பட்டுள்ளது.

(2) மாறாது. பலர் இங்கு "கை முறிந்ததற்கும் நீரிழிவுக்கும் தொடர்பில்லை, ஆகவே செலுத்த வேண்டும்" என்று அண்மைக் காரணத் தத்துவத்தை எழுதுகின்றனர். முக்கிய விடயம் மறைக்கப்பட்டால் ஒப்பந்தம் முழுவதையுமே வறிதாக்கும் உரிமை கம்பனிக்கு உண்டு. ஒப்பந்தமே வறிதாகிவிட்டால் அண்மைக் காரணத்தைத் தேட வேண்டிய அவசியம் எழுவதில்லை. கம்பனி விரும்பினால் அவ்வுரிமையைப் பயன்படுத்தாமல் விடலாம் என்றும் ஒரு வரி சேர்த்தால் விடை இன்னும் சிறக்கும்.

(3) காப்புறுதித் தொகைகளின் விகிதம் 200,000 : 100,000, அதாவது 2 : 1.
"அ" கம்பனி: 90,000 × 2/3 = 60,000 ரூபா
"ஆ" கம்பனி: 90,000 × 1/3 = 30,000 ரூபா
இரண்டிலும் சேர்த்து அவர் பெறுவது 90,000 ரூபா மட்டுமே. நட்டஈட்டுத் தத்துவத்தின்படி இழப்பிலும் கூடிய தொகையைப் பெற முடியாது. கணிப்பின் கீழ் இக்காரணத்தை எழுதாமல் எண்களை மட்டும் விட்டுவந்தால் புள்ளிகள் முழுமையாகக் கிடைக்கா.